மூன்று பொத்தைகள்

எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் ஆள் வருவானாம். இதற்குப் பெயர் நேரமா, அரை நாள், எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் நான் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் தாலி கட்டுவதைப் பார்த்து, பந்தியில் உட்கார்ந்து எழுந்து, வீட்டுக்கு வந்து பட்டுப்புடவையை மடித்தும் வைத்திருப்பேன். இப்போது மணி பத்து இருபது. ஹீட்டர் நேற்று சாயங்காலம் ஒரு தடவை இருமியது, அப்புறம் பேச்சில்லை. வீடு ஃப்ரிட்ஜுக்குள் இருக்கிற மாதிரி இருக்கிறது. இரண்டு ஸ்வெட்டர், அதன் மேல் அவருடைய பழைய சால்வை, காலில் அவருடைய கம்பளி சாக்ஸ், குதிகால் என் குதிகாலைத் தாண்டித் தொங்குகிறது, இந்தக் கோலத்தில் சமையலறை மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே பனி, இங்கே லேப்டாப், லேப்டாப்பில் மூன்று மலைகள். மலை என்று இவர்கள் சொல்கிறார்கள். எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் இந்த உயரத்துக்குப் பொத்தை என்று பெயர், உச்சியில் ஆடு நின்றால் கீழேயிருந்து அது எந்த வீட்டு ஆடு என்று சொல்லிவிடலாம். பாஸ்டனுக்கு வடக்கே இந்த மாதிரிப் பொத்தைகள் நிறைய. ஒவ்வொன்றுக்கும் கம்பியில் தொங்கி உச்சிக்கு ஏறுகிற ஒரு நாற்காலி வரிசை, அடிவாரத்தில் உட்கார ஒரு ஹால், ஒரு கார் நிறுத்துமிடம், வாசலில் மரப்பலகையில் மலையின் பெயர். அந்தப் பெயர்கள் எனக்கு ஒன்றுகூட நிற்பதில்லை. மத்தியானத்துக்குள் மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியது நான். நாலு குடும்பம், ஒன்பது வருஷமாகப் பிப்ரவரி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை காலில் பலகை கட்டிப் பனியில் சறுக்கப் போகிறோம், போகிறோம் என்று பன்மையில் சொல்வது சும்மா மரியாதைக்கு, சறுக்குவது அவரும் மற்ற ஆண்களும் பிள்ளைகளும், நாங்கள் நாலு பேர் ஹாலில்.

ஹாலைப் பற்றி என்னிடம் கேட்கலாம். சரிவு செங்குத்தா, பனி இறுகியதா, எனக்குத் தெரியாது, ஆனால் எந்த ஹாலில் எத்தனை மைக்ரோவேவ், எங்கே கழிப்பறைக் கதவு சாத்தாது, எந்த மூலையில் உட்கார்ந்தால் முதுகுக்கு வெயில் வரும், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். காலை ஏழரைக்கே உள்ளே நுழைந்து நாலு மேசைமேல் கையுறையையும் மஃப்ளரையும் எறிவோம், ஊரில் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவார்களே அது போல, பக்கத்து மேசை வெள்ளைக்காரி ஒருத்தி, 'நீங்கள் எத்தனை பேர்' என்று கேட்டாள், 'வந்துகொண்டே இருக்கிறார்கள்' என்றேன். பிறகு பதினோரு பை, பத்து ஜோடி ஷூ, எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்குப் பொடிமாஸ், பிளாஸ்க்கில் காபி, எல்லாவற்றுக்கும் நாலு காவலாளிகள். அதனால் மலைகளுக்கு நானே பெயர் வைக்கிறேன். முதலாவது மைக்ரோவேவ் மலை, நாற்பதே நிமிஷம், நாலு மைக்ரோவேவ், சாப்பாட்டைப் பார்த்து யாரும் மூக்கைச் சுளிப்பதில்லை. இரண்டாவது கண்ணாடி மலை, இரண்டு மணி நேரம் போக வேண்டும், ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, உயரம் கொஞ்சம் கௌரவமானது, ஆனால் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதியில்லை, போன தடவை கார் பின்சீட்டில் ஒளித்துவைத்து உருண்டை பிடித்துக் கொடுத்தோம். மூன்றாவதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அங்கே நாங்கள் போனதேயில்லை. ஒரே ஒரு நாற்காலி வரிசை, ஹால் படத்தில் டீக்கடை அளவுதான் இருக்கிறது, மைக்ரோவேவ் கிடையாது, ஹாலுக்குப் பின்புறம் கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஒரு சின்னச் சரிவு, அதில் ஏற விமான நிலையத்துப் பெட்டி ஓடுமே அந்த மாதிரி ஓடும் பாய் ஒன்று, நின்றால் போதும், மேலே கொண்டுபோய் விடும். ஹாலிலிருந்து பார்த்தால் அந்தச் சரிவு தெரியாது. இதை நான் படத்தைத் திருப்பித் திருப்பி உறுதி செய்துகொண்டேன். காலையில் சுபத்ரா போன் பண்ணினாள். ஹாலில் உட்காரும் நாலு பேரில் ஒருத்தி, கோயம்புத்தூர்க்காரி, என்னைவிட ஒன்றரை வயதுதான் சின்னவள், அக்கா என்பதில் ஒரு கொழுப்பு. "கோமதிக்கா, இதுக்கு என்னத்துக்கு இத்தன யோசன பண்றீங்க? மைக்ரோவேவ் மலையே இருக்கட்டுமுங்க்கா. போன தடவ அந்த இன்னொண்ணுல சோத்தத் திருட்டுச் சோறாட்டத் தின்னமே, மறந்து போச்சா?" மறக்கவில்லை என்றேன். "அப்பறம் என்ன?" அப்புறம் ஒன்றுமில்லை, மத்தியானம் சொல்கிறேன் என்றேன். "உங்களுக்கு என்னமோ இருக்குது" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

என்னமோ இருக்கிறது. லேப்டாப்பில் இன்னொரு ஜன்னலில் திறந்து கிடக்கிறது. மூன்றாவது மலையில் சனிக்கிழமை பத்து மணிக்குப் பெண்களுக்கான முதல் வகுப்பு, இதுவரை பலகையே கட்டாதவர்களுக்கு. அதற்கு ஒரு படிவம். அவர் குளிக்கப் போன நேரத்தில் திங்கட்கிழமை ஆரம்பித்தேன், இன்று வியாழன். பெயர் போட்டேன், கோமதி சங்கரலிங்கம். வயது ஐம்பத்திரண்டு, அதை எழுதும்போது வீட்டில் யாருமில்லாதபோதும் திரும்பிப் பார்த்தேன். உயரம், எடை, எடையில் கொஞ்சம் நாகரிகம் காட்டினேன், அப்புறம் பலகை உடைந்தால் என்ன செய்வது என்று நிஜத்தையே போட்டேன். கால் அளவு. அதோடு நின்றுவிட்டது. அடுத்த கேள்வி, பலகையில் எந்தக் கால் முன்னால் இருக்கும், இடதா வலதா. தெரியாது என்று ஒரு கட்டம் இல்லை. எந்தக் கால் முன்னால். ஐம்பத்திரண்டு வயதுவரை என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை, சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கேள்வியை எனக்குத் தெரியும். முதல் வருஷம் பத்துப் பேருக்கும் இவர்தான் படிவம் நிரப்பினார், ஆபீஸில் எக்செல் நிரப்புகிற வேகத்தில். பத்துப் பேருக்கும் வலது. யோசிக்கவேயில்லை, முதன்முதலாகப் பனியில் கால் வைக்கிறார்கள், வலது காலைத்தானே வைப்பார்கள், இதில் கேட்க என்ன இருக்கிறது. மற்ற மூன்று அப்பாக்களும் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள், அவர்களில் ஒருவர் ஐஐடி. அன்று காலை முழுக்கப் பத்துப் பேரும் மூட்டை மூட்டையாக விழுந்தார்கள். எங்கள் மகள் தாரிணிக்கு அப்போது பதினொரு வயது, மணிக்கட்டு வீங்கி, உதடு கடித்து, அழாமல் விழுந்துகொண்டேயிருந்தாள். கடைசியில் கற்றுக்கொடுக்கிற பெண் இவர்களை வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருவராகப் பின்னாலிருந்து, சொல்லாமல் கொள்ளாமல், ஒரு தள்ளு தள்ளினாள். விழப்போகிற மனிதன் எந்தக் காலை முன்னால் போடுகிறானோ அதுதான் அவன் கால். பத்தில் எட்டுப் பேருக்கு இடது. "உங்கள் ஊரில் எல்லோருக்கும் யாராவது எதையாவது தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா?" என்று அவள் இவரிடம் கேட்டாளாம். இவர் ஹாலுக்கு வந்து அதை ஒரு ஜோக் மாதிரி சொன்னார். எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன்.

ஏனென்றால் என் கதை அவருக்குத் தெரியும், தெரிந்தும் ஜோக் சொன்னார். அம்பாசமுத்திரத்தில் அவர்கள் வீட்டு நிலைப்படி உயரம், நான் ஒன்பது கஜம் கட்டவில்லை, ஆனால் கட்டியிருந்த பட்டு ஒன்பது கஜத்தின் கனம், ஆரத்தித் தட்டின் சிவப்புத் தண்ணீர், கேமராக்காரன் "பொண்ணு இங்க பாருங்க" என்றான், பார்த்தேன், கால் தானாகப் போய்விட்டது. இடது. அத்தை, அவருடைய அம்மா, "வெளிய போ, திரும்பி வா" என்றாள், வேறு ஒன்றும் சொல்லவில்லை, வெளியே போனேன், வலது காலை வைத்துத் திரும்பி வந்தேன், ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை மருமகளானவள் நான். வீடியோவில் இரண்டாவதுதான் இருக்கிறது. ஆனால் அத்தையின் மனசில் முதலாவதுதான் ஓடிக்கொண்டிருந்தது, கிணற்று மோட்டார் எரிந்தாலும், கொழுந்தனுக்கு வேலை தள்ளிப்போனாலும், வாயால் சொல்லமாட்டாள், என் காலைப் பார்ப்பாள். வெறுமனே பார்ப்பாள். அந்தப் பார்வைக்காகவே நான் வருஷக்கணக்கில் எந்த வாசலிலும் ஒரு நொடி நின்று, எது வலது என்று யோசித்து, அப்புறம் நுழைந்தேன். இந்த வீட்டுக்கு, சூப்பர் மார்க்கெட்டுக்கு, பல் டாக்டரிடம். இப்போதும் நிற்கிறேன். பழகிப் பழகி எது என் கால், எது பழக்கிய கால் என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது, இதோ இந்தக் கட்டத்தில் கர்சர் மின்னிக்கொண்டேயிருக்கிறது, அதற்கென்ன, அதற்குக் குளிரா ஒன்றா. மணி பத்து ஐம்பது. ஹீட்டர்காரன் வரவில்லை. மூக்கு நுனி மரத்துவிட்டது.

மைக்ரோவேவ் மலையே சொல்லிவிட்டால் என்ன. இந்த நிமிஷம் சொல்லிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும், சுபத்ராவுக்கு நிம்மதி, சாதம் சூடாக இருக்கும், எலும்பும் முழுசாக இருக்கும். எலும்பு. போன டிசம்பரில் என் கூடப்பிறந்த பகவதி அக்கா பாளையங்கோட்டையில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள், இடுப்பு, அறுவை, இப்போதும் வாக்கரோடுதான் நடக்கிறாள். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறேன். நான் விழுந்தால் இவர் என்ன செய்வார், முதல் இரண்டு நாள் ரசம் வைப்பார், மூன்றாம் நாள் பீட்சா. விழுவதுகூடப் பரவாயில்லை, விழுவதைப் பார்ப்பார்களே. நாலு குடும்பமும் ஜன்னலோரம் வந்து நின்று, ஒருத்தர் போனை எடுத்து, சாயங்காலமே வாட்ஸ்அப்பில் வந்துவிடும், கீழே சிரிப்புப் பொம்மைகள், பாளையங்கோட்டை வரைக்கும் போகும். அக்காவிடம் போன ஞாயிற்றுக்கிழமை சும்மா சொல்வது போலச் சொன்னேன், இங்கே என் வயதுக்காரிகள்கூடப் பலகையில் சறுக்குகிறார்கள் என்று. திட்டுவாள் என்று நினைத்தேன். அக்கா திட்டவில்லை. "ஏட்டி கோமு, நான் என்னத்த ஓடுனேன், என்னத்த ஆடுனேன்? சைக்கிள்கூடப் படிக்கலயே. விழுந்திருவோம் விழுந்திருவோம்னு அம்பத்தெட்டு வருசம் பாத்துப் பாத்து நடந்தேன். கடசீல எங்க விழுந்தேன்? ஒரு வாளித் தண்ணிப் பக்கத்துல" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், சிரிப்பில் இடுப்பு வலித்திருக்கும், "ஆத்தீ" என்று நிறுத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு என்ன பேசினோம் என்று நினைவில்லை, ஒரு வாளித் தண்ணீர் மட்டும் நினைவில் நிற்கிறது, பச்சை பிளாஸ்டிக் வாளி, எனக்கு அந்த வாளியைத் தெரியும்.

தாரிணி மலையைப் பற்றி ஒரு வரி அனுப்பியிருக்கிறாள், 'எதுன்னாலும் ஓகேம்மா.' காலேஜில் சேர்ந்த பிறகு சிநேகிதிகளோடு பெரிய மலைகளுக்குப் போகிறாள், பொத்தைக்கு வருவது எங்களுக்காக, அது எனக்குப் புரிகிறது, அவளுக்குக் கோபமில்லை, ஆசையுமில்லை. ஓகே. பன்னிரண்டு வயதில் கண்ணாடி மலையில் அவள் மேலேயிருந்து கையாட்டினாள், நீலக் கோட்டு, மஞ்சள் குல்லாய், நானும் எழுந்து நின்று ஆட்டினேன், அவள் திரும்ப ஏறினாள், திரும்ப ஆட்டினேன், ஒரு மணி நேரம், ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று, கை வலித்தது, சந்தோஷமாக இருந்தது. அப்புறம் தாரிணி பின்னால் வந்து தோளைத் தொட்டாள், "யாருக்கும்மா கை காட்டுற? நான் அந்தப் பக்கம்ல இருந்தேன்." கோட்டு ஒரே நிறம். யாரோ பெற்ற பெண்ணுக்கு ஒரு மணி நேரம் கையாட்டியிருக்கிறேன், அதுவும் பதிலுக்கு ஆட்டியிருக்கிறது, என்ன நினைத்ததோ பாவம். தாரிணி அன்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நான் கண்ணாடியில் என் மூச்சு படிந்த இடத்தைச் சால்வையால் துடைத்தேன், துடைத்த பிறகும் அந்தப் பக்கம் எல்லோரும் ஒரே மாதிரிதான் தெரிந்தார்கள். ஹாலில் இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

பதினொன்று பத்து. எழுந்து ஜன்னலருகே போனேன், தெருவில் எந்த வண்டியும் இல்லை. மரத்தரை சாக்ஸின் கீழே வழவழவென்று இருக்கிறது, நேற்றுத்தான் துடைத்தேன். ஹீட்டர் இல்லாத நாளில் வீட்டுக்கு ஒரு அமைதி வந்துவிடுகிறது, எங்கேயும் காற்று ஊதுகிற சத்தம் இல்லை, ஒரு சர்ச் மாதிரி. கான்வென்ட் வராந்தா மாதிரி. சேப்பலிலிருந்து ஸ்டாஃப் ரூம் வரை நீளமான சிவப்புச் சிமெண்ட் வராந்தா, சனிக்கிழமை காலையில் மெழுகு போட்டுத் தேங்காய்மட்டையால் தேய்த்துவைப்பார்கள், முகம் தெரியும், ஸ்பெஷல் கிளாஸுக்கு வந்த நாங்கள் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெள்ளை சாக்ஸோடு ஓடிவந்து விட்டுவிடுவோம், உடம்பைத் தரையிடம் விட்டுவிடுவது, அவ்வளவுதான், அது பார்த்துக்கொள்ளும். என் வகுப்பு மரியபுஷ்பம் நாலு தூண் போவாள். நான் ஏழு. எட்டாவது தூணில் ஒரு நாள் சிஸ்டர் பெனடிக்டா நின்றுகொண்டிருந்தார். நேராக அவர் வயிற்றில் போய் முட்டினேன், ஜெபமாலை என் காதில் மாட்டிக்கொண்டது. "லேடீஸ் டு நாட் ஸ்லைடு, கோமதி." நூறு தடவை எழுதச் சொன்னார், ஆங்கிலத்தில், சேர்த்தெழுத்தில். எழுதினேன். என் கையெழுத்து இன்றைக்கும் அழகாக இருப்பதற்கு அந்த நூறும் ஒரு காரணம். அப்புறம் சறுக்கவேயில்லை. ஆனால் ஏழு தூண். அந்த ஏழு தூணுக்கும் எந்தக் கால் முன்னால் போனது? கண்ணை மூடிப் பார்க்கிறேன், தூண்கள் வருகின்றன, மெழுகு வாசனை வருகிறது, கால் மட்டும் வரவில்லை. நினைத்துக் கண்டுபிடிக்கிற விஷயமில்லை இது. பின்னாலிருந்து தள்ள ஆளும் இல்லை, ஹீட்டர்காரனிடமா கேட்க முடியும். சால்வையை நாற்காலியில் போட்டேன். ஹாலிலிருந்து சமையலறை வரை நடுவில் ஒன்றுமில்லை. மாடிப்படிக்குப் பக்கத்தில் போய் நின்றேன், மனசு வாசலில் நிற்கிற மாதிரி நின்றது, எது வலது என்று கேட்டது. கேட்கட்டும். வேண்டுமென்றே பகவதி அக்காவின் வாளியை நினைத்துக்கொண்டேன், பச்சை, அதன் பிடி, ஓடினேன். நாலு அடி, ஐந்து, விட்டுவிட்டேன். தரை என்னை எடுத்துக்கொண்டது. ஃப்ரிட்ஜ் வந்து நிறுத்தியது. கீழே பார்த்தேன். இடது. ஒரு தடவையை நம்பக்கூடாது, திரும்பப் போய் ஓடினேன், இடது, மூன்றாவது தடவை வலது காலை முன்னால் வைக்கத்தான் வேண்டும் என்று தீர்மானம் பண்ணிக்கொண்டு ஓடினேன், கடைசி நொடியில் அது பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது, இடது தன் இடத்துக்கு வந்தது, எந்தத் தகராறும் இல்லாமல். நாலாவது தடவை எதையும் பார்ப்பதற்காக ஓடவில்லை.

உட்கார்ந்து, மூச்சு வாங்க, கட்டத்தில் இடது என்று போட்டேன். அனுப்பினேன். இடம் உறுதி என்று உடனே வந்துவிட்டது, நாலு நாள் எனக்கு ஆனது அவர்களுக்கு நாலு நொடி ஆகவில்லை. பிறகு சுபத்ராவைக் கூப்பிட்டு மூன்றாவது மலை என்றேன். "மூணாவதா? அங்க மைக்ரோவேவ் இல்லீங்களேக்கா!" எலுமிச்சை சாதம் ஆறினால்தான் ருசி என்றேன். "ஹாலு வேற தீப்பெட்டியாட்டம் இருக்குதுங்களே, அத்தன பேரு எங்க உக்காருவோம்?" எல்லோரும் உட்காரப் போவதில்லை என்றேன். கோயம்புத்தூர்க்காரி, இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. "பத்து மணிக் கிளாஸுங்களா?" என்றாள், மெதுவாக. அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படியென்றால் அவளும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறாள், எத்தனை நாளாகவோ, திருட்டுச் சோறாட்டம். "ஆமா" என்றேன். "அப்ப பையெல்லாம் யாருங்க்கா பாத்துக்கறது?" பைக்குக் கால் முளைத்து எங்கேயும் போய்விடாது என்றேன். "இடம் இருக்குதுங்களா இன்னும்?" இருக்கிறது. "விழுந்துருவமுங்களே." விழுவோம். "உங்க வீட்டு அண்ணன் என்ன சொன்னாரு?" அவர் பையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்வார் என்றேன், இன்னும் அவருக்கு அது தெரியாது. சுபத்ரா சிரித்தாள், உடனே நிறுத்தினாள். "படிவத்துல ஒரு கேள்வி இருக்குதுங்க்கா. அங்கதான் நின்னு போச்சு." எந்தக் கேள்வி என்று நான் கேட்கவில்லை. "சாக்ஸ் போட்டிருக்கியா?" என்றேன். "ம்." "போனக் கீழ வெச்சுட்டு ஹால்ல ஓடிப் போய் வழுக்கிப் பாரு. எந்தக் கால் முன்னால வருதுன்னு சொல்லு." "என்னக்கா நீங்க, குழந்தையாட்டம்." "ஓடு சுபத்ரா." போனை எங்கோ வைக்கும் சத்தம். பிறகு தூரத்தில், தொப் தொப்பென்று காலடி, ஒரு நீளமான 'ஸ்ஸ்', ஏதோ நாற்காலி நகர்ந்தது, எனக்கு ஒரு கணம் வாளி ஞாபகம் வந்தது, அப்புறம் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து போனை எடுத்தாள். "வலதுங்க்கா" என்றாள். உடனே. ரொம்ப உடனே. என் வீட்டு வாசலில் மணி அடித்தது, ஜன்னல் வழியே ஹீட்டர்காரனின் வண்டி தெரிந்தது. மூன்றரை மணி நேரம் அவனுக்காகக் குளிரில் உட்கார்ந்திருக்கிறேன், அவன் ஒரு நிமிஷம் நிற்கட்டும். "பொய் சொல்லாத" என்றேன் சுபத்ராவிடம், "இன்னொரு தடவ ஓடு." போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவள் காலடியைக் கேட்கக் காத்திருந்தேன்.